கனடாவில் முதல் ஆண்டு: வங்கி, கடன் வரலாறு, ஊரில் விட்டுவந்த கணக்குகள்

கனடாவுக்குக் குடிபெயர முடிவு செய்தவர்கள் ஆங்கிலத் தேர்வு, கல்விச் சான்றிதழ் மதிப்பீடு, காவல்துறைச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். பணத்தைப் பொறுத்தவரையில் மட்டும், குடியேற்றத் துறை கேட்கும் தொகையை வங்கிக் கணக்கில் காட்டியதோடு பெரும்பாலானவர்களின் தயாரிப்பு முடிந்துவிடுகிறது. டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் வசிக்கும் எனக்கு, தமிழ்நாட்டிலிருந்து புறப்படும் உறவினர்களும் நண்பர்களும் தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன: எந்த வங்கி நல்லது, எவ்வளவு கொண்டுவர வேண்டும், வீடு எப்போது வாங்கலாம். இவற்றுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய சில கேள்விகளை யாரும் கேட்பதில்லை என்பதால்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

முதல் ஆண்டில் முதலீட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கொண்டுவந்த பணத்தை நினைத்த நேரத்தில் எடுக்கக்கூடிய நிலையில் வைத்துக்கொண்டு, புதிய நாட்டில் நம் பெயருக்கு ஒரு நல்ல பதிவை உண்டாக்குவதும், ஊரில் விட்டுவந்த கணக்குகளைச் சட்டத்துக்கு உட்பட்டதாக மாற்றிக்கொள்வதும்தான் அந்த ஆண்டின் வேலை. இதைச் சரியாகச் செய்தவர்களுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து எல்லாமே எளிதாகிறது. செய்யாதவர்கள், நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும்போதும் ஒரு கார் கடனுக்குக் கூடுதல் வட்டி கட்டுகிறார்கள்.

ஊரில் செய்ய வேண்டியதிலிருந்து தொடங்குகிறேன். வேலைக்காகவோ நிலையாகத் தங்கும் நோக்கத்தோடோ இந்தியாவை விட்டு வெளியேறும் ஒருவர், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமாவின்படி, புறப்பட்ட நாளிலிருந்தே வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதப்படுகிறார். வருமான வரிச் சட்டமோ ஒரு நிதியாண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தோம் என்று எண்ணிப் பார்க்கிறது. 182 நாள் என்று நாம் கேள்விப்படும் கணக்கு அதற்குரியது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஆறு மாதம் கழிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவைப்பவர்கள் மிகப் பலர். அந்தக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றும்படி வங்கிக்கு எழுதிக் கொடுப்பது நம் கடமை. வீட்டு வாடகை, பங்கு ஈவுத்தொகை, பழைய வைப்புத்தொகை என்று இந்தியாவிலேயே பிறக்கும் வருமானம் அதில் வந்து சேரும். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக என்ஆர்இ கணக்கு தொடங்க வேண்டும். என்ஆர்இ கணக்கில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளியே கொண்டுபோகலாம். என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை கொண்டுபோக வழியிருந்தாலும், வரி கட்டியதற்கான ஆவணங்களையும் தேவைப்படும் இடத்தில் ஆடிட்டர் சான்றிதழையும் தர வேண்டியிருக்கும்.

அஞ்சலகச் சேமிப்புகளில் கவனம் தேவை. ஏற்கெனவே இருக்கும் பிபிஎஃப் எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கை முதிர்வுக் காலம் வரை தொடரலாம். புதிதாகத் தொடங்கவோ, முதிர்ந்த பிறகு நீட்டிக்கவோ முடியாது. பெண் குழந்தை பெயரில் செல்வமகள் சேமிப்புத் திட்டக் கணக்கு வைத்திருப்பவர்கள், குழந்தை வெளிநாட்டில் வசிப்பவராகிவிட்டால் அதை முடித்துக்கொள்ள வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும். பரஸ்பர நிதிகளை எடுத்துக்கொண்டால், அமெரிக்கா, கனடா நாடுகளில் வசிப்பவர்களிடமிருந்து புதிய முதலீட்டை ஏற்காத நிறுவனங்கள் சில உள்ளன. மாதாமாதம் எஸ்ஐபி கட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்தந்த நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இத்தனையையும் முடித்த பிறகும், சிறியதாகத் தோன்றும் ஒரு விஷயம் பலரை ஆண்டுக்கணக்கில் வதைக்கிறது. அது ஓடிபி வரும் செல்பேசி எண். ஆதார், பான், வங்கி, வருமான வரித்தளம் எல்லாமே அந்த ஒரே எண்ணோடு கட்டப்பட்டிருக்கும்போது, ரீசார்ஜ் செய்ய மறந்து அந்த எண் வேறொருவர் கைக்குப் போய்விட்டால், நம் கணக்கை நாமே திறக்க முடியாத நிலை வந்துவிடும். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று விமான நிலையத்துக்குப் போகும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். வங்கி அனுமதித்தால் கனடா எண்ணையே பதிந்துகொள்ளுங்கள். கனடா உள்ளிட்ட 10 நாடுகளின் செல்பேசி எண்களைக் கொண்டு என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் யுபிஐ பயன்படுத்த 2023-ஆம் ஆண்டு வழி செய்யப்பட்டது. எல்லா வங்கிகளும் அந்த வசதியைத் தருவதில்லை என்பதால் உங்கள் வங்கியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பணத்தைக் கொண்டுவரும் முறைக்கு வருவோம். தாராளமயப்படுத்தப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம். ரொக்க நோட்டுகளாக 3,000 அமெரிக்க டாலருக்கு மேல் எடுத்துச் செல்ல முடியாது. மீதியை ஃபாரெக்ஸ் அட்டையிலோ வங்கி வழியாகவோ கொண்டுபோக வேண்டும். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு டிசிஎஸ் என்ற வரியை வங்கி முன்கூட்டியே வசூலிக்கும். கல்வியும் மருத்துவமும் அல்லாத காரணங்களுக்கு அது 20 சதவீதம். அந்தப் பணம் தொலைந்துவிடுவதில்லை. அந்த ஆண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் திரும்பி வரும் வரை அந்தத் தொகை கையில் இருக்காது என்பதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கனடாவில் இறங்கும்போது 10,000 கனேடிய டாலருக்குச் சமமான அல்லது அதற்கு மேற்பட்ட பணம் கையில் இருந்தால் எல்லைச் சேவை அதிகாரிகளிடம் அறிவித்துவிடுங்கள். அறிவிப்பதற்கு வரி எதுவும் கிடையாது; மறைத்தால்தான் பறிமுதலும் அபராதமும். வீட்டில் நகை இருந்தால், புறப்படும் முன் நிழற்படம் எடுத்து, மதிப்பீட்டுச் சீட்டு வாங்கி, பிறகு கொண்டுவரப்போகும் நகைகளையும் சேர்த்து முதல் வருகையின்போதே பட்டியலாகக் கொடுத்துவிட வேண்டும். பின்னாளில் அம்மா கொண்டுவந்து தரும் தாலிக்கொடியும் வளையலும் சுங்கத்தில் கேள்விக்குள்ளாகாமல் இருக்க இந்தப் பட்டியல் பெரிதும் உதவும்.

கனடாவில் இறங்கியதும் முதலில் பெற வேண்டியது சின் எனப்படும் சமூகக் காப்பீட்டு எண். சர்வீஸ் கனடா அலுவலகத்தில் கட்டணமின்றித் தருவார்கள். தற்காலிக அனுமதியில் இருப்பவர்களுக்கு அது 9 என்ற இலக்கத்தில் தொடங்கும். வேலை தருபவருக்கும், வட்டி தரும் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கும், கனடாவின் வரித்துறையான வருவாய் முகமைக்கும் இந்த எண்ணைத் தர வேண்டும். வாடகைக்கு வீடு தரும் உரிமையாளர் கேட்டாலும் தர வேண்டிய கட்டாயமில்லை. இந்த எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் பெயரில் கடன் வாங்க முடியும் என்பதால், வாட்ஸப்பில் புகைப்படமாக அனுப்பும் பழக்கத்தை இந்த ஓர் எண்ணுக்காவது விட்டுவிடுங்கள்.

உரிய அடையாள ஆவணம் இருந்தால், வேலை இல்லாவிட்டாலும், கணக்கில் போடப் பணமே இல்லாவிட்டாலும், ஒரு வங்கி உங்களுக்குக் கணக்கு தொடங்கித் தர வேண்டும் என்பது கனடாவின் சட்டம். நம் ஊரில் வங்கி மேலாளரைத் தெரிந்தவர் மூலம் போவது வழக்கமாக இருந்த குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றாடப் புழக்கத்துக்குச் செக்கிங் கணக்கு, ஒதுக்கி வைப்பதற்குச் சேமிப்புக் கணக்கு என்று இரண்டு வகை உண்டு. செக்கிங் கணக்குக்கு மாதக் கட்டணம் இருப்பது நமக்குப் புதிது. புதிதாகக் குடியேறியவர்களுக்கென்று வங்கிகள் தரும் சலுகைத் திட்டங்களில் முதல் ஓராண்டுக்கோ அதற்கு மேலோ அந்தக் கட்டணம் இருக்காது. சலுகை முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து கட்டணம் சத்தமில்லாமல் பிடிக்கப்படும். பெரிய வங்கிகளிடம் மாதம் 4 டாலருக்கு மேற்படாத எளிய கணக்கும் இருக்கிறது, நாமாகக் கேட்க வேண்டும். வைப்புத்தொகைக்கான பாதுகாப்பைப் பொறுத்தவரை, இந்தியாவில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருப்பதுபோல, இங்கே சிடிஐசி என்ற அரசு நிறுவனம் ஒவ்வொரு உறுப்பு வங்கியிலும் ஒவ்வொரு வகை வைப்புக்கும் 1,00,000 டாலர் வரை காப்பீடு தருகிறது.

வேலையில் சேர்ந்த முதல் நாளே சம்பளம் போட, கணக்கு விவரம் காட்டும் 'வாய்ட் செக்' என்ற ரத்து செய்த காசோலையைக் கொண்டுவரச் சொல்வார்கள். காசோலைப் புத்தகம் வாங்க ஓட வேண்டியதில்லை. வங்கியின் செயலியிலேயே நேரடி வரவுப் படிவத்தைத் தரவிறக்கலாம். அதில் மூன்று எண் தொகுதிகள் இருக்கும். ஐந்து இலக்கம் கொண்டது கிளைக்குரிய டிரான்சிட் எண், மூன்று இலக்கம் கொண்டது வங்கிக்குரிய எண் (ராயல் வங்கிக்கு 003, டிடி வங்கிக்கு 004, ஸ்கோஷியா வங்கிக்கு 002), கடைசியாக உங்கள் கணக்கு எண். ஐஎஃப்எஸ்சி கோடு என்ற ஒரே எழுத்துத் தொடரில் நாம் பழகிய செய்தி இங்கே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஊரிலிருந்து பணம் வர வேண்டுமானால் இந்த மூன்றோடு, பன்னாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கு வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் கோடும் தேவைப்படும். இலக்கம் ஒன்று மாறினாலும் பணம் எங்கோ மாட்டிக்கொள்ளும் என்பதால், இவற்றைக் கையால் எழுதி அனுப்பாமல் படிவத்தையே அனுப்புங்கள்.

இனி, இந்தப் பதிவின் மையமான விஷயத்துக்கு வருகிறேன். கனடாவில் ஒருவருடைய கடன் வரலாற்றை ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்கள் பதிவு செய்கின்றன. அதிலிருந்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. இந்தியாவின் சிபில் மதிப்பெண்ணுக்கும் இதே எல்லைதான் என்றாலும், சென்னையில் 15 ஆண்டுகள் வீட்டுக் கடனை ஒரு தவணை தவறாமல் கட்டி முடித்தவர், டொராண்டோவில் இறங்கும்போது நேற்றுப் பதினெட்டு வயது நிரம்பிய ஒருவரின் நிலையிலேயே நிற்கிறார். வெளிநாட்டுக் கடன் வரலாற்றைப் பார்க்கும் ஏற்பாடுகள் அண்மையில் சில தொடங்கியிருந்தாலும், அவற்றை நம்பி இருந்துவிட முடியாது. வாடகைக்கு வீடு தருபவர் இந்த அறிக்கையைக் கேட்கிறார்; கார் கடன் தருபவர் கேட்கிறார்; மாத ஒப்பந்தத்தில் செல்பேசி தரும் நிறுவனம்கூடப் பார்க்கிறது. அறிக்கையில் மோசமான செய்தி இருப்பது ஒரு பிரச்சினை என்றால், எதுவுமே இல்லாமல் வெறுமையாக இருப்பதும் ஏறக்குறைய அதே அளவு பிரச்சினை.

கடனே வாங்காமல் வாழ்வது பெருமை என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ரொக்கத்தில் வாங்கி, டெபிட் அட்டையை மட்டும் தேய்த்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்த ஒருவருடைய ஒழுக்கம் அந்த அறிக்கையில் ஒரு வரியாகக்கூட ஏறாது. டெபிட் அட்டைச் செலவு அங்கே போவதில்லை, சேமிப்புக் கணக்கின் இருப்பும் போவதில்லை. அதனால் கணக்கு தொடங்கும் அன்றே ஒரு கடன் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மறுக்கப்பட்டால், 500 டாலர்போல ஒரு தொகையைப் பிணையாகக் கட்டி, அந்த அளவுக்கு வரம்பு பெறும் பிணை அட்டையைக் கேளுங்கள். அதில் மளிகையும் பேருந்துக் கட்டணமும் போன்ற, எப்படியும் செய்யப்போகும் செலவை மட்டும் செய்து, ஒவ்வொரு மாதமும் முழுத்தொகையையும் கட்டிவிட்டால், ஒரு டாலர் வட்டியும் இல்லாமல் உங்கள் பதிவு வளரத் தொடங்கும்.

அந்த அட்டையின் மாதாந்திர அறிக்கையைப் பொறுமையாகப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். அதில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று, கணக்கு முடிக்கப்பட்ட தேதி. மற்றொன்று, பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி. இடையில் குறைந்தது 21 நாட்கள் தர வேண்டும் என்பது சட்டம். கடைசித் தேதிக்குள் முழுத்தொகையும் கட்டினால் வாங்கிய பொருட்களுக்கு வட்டி இல்லை. ஒரு பகுதியை மட்டும் கட்டினால், பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். அந்த வட்டி பெரும்பாலான அட்டைகளில் ஆண்டுக்கு 20 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அறிக்கையின் மேல்பகுதியில் பளிச்சென்று தெரியும் 'குறைந்தபட்சத் தொகை' என்ற கட்டம்தான் மிகவும் ஆபத்தானது. 1,200 டாலர் நிலுவை இருக்கும் ஒருவர், வட்டியோடு 10 டாலர் அசலை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால், புதிதாக எதுவுமே வாங்காவிட்டாலும் கடன் தீர 120 மாதங்கள், அதாவது 10 ஆண்டுகள் ஆகும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் எத்தனை காலம் பிடிக்கும் என்று ஒவ்வோர் அறிக்கையிலும் அச்சிட வேண்டும் என்று கனடாச் சட்டமே சொல்கிறது. அந்த ஒரு வரியை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் பிறகு குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்திக்கொள்ளவே மாட்டார்கள்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. அட்டை நிறுவனம் பொதுவாகக் கணக்கு முடிக்கும் தேதியை ஒட்டி உள்ள நிலுவையைத்தான் அந்த இரண்டு நிறுவனங்களுக்கும் தெரிவிக்கிறது. 1,000 டாலர் வரம்பில் 900 டாலர் செலவழித்து, கடைசித் தேதிக்குள் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், அறிக்கையில் 90 சதவீதம் பயன்படுத்தியதாகவே பதிவாகும். வரம்பில் 30 சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது என்பது பரவலான அறிவுரை. செலவு கூடிய மாதத்தில், அறிக்கை வருமுன்பே ஒரு பகுதியைக் கட்டிவிட்டால் போதும். அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுக்கவே கூடாது. அதற்கு ஒருநாள்கூட வட்டியில்லாக் காலம் கிடையாது. உங்கள் அறிக்கையை நீங்களே இலவசமாகப் பார்க்கலாம், அதனால் மதிப்பெண் குறையாது. ஆனால் ஒரே மாதத்தில் ஐந்து வங்கிகளில் அட்டைக்கு விண்ணப்பித்தால் குறையும்.

முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து மனம் உடைந்தவர்கள் பலரை அறிவேன். ஆண்டுச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்து, அதை ரூபாயில் பெருக்கி, ஊரில் சொல்லிவிட்டு வருவதால் வரும் துயரம் இது. கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு 5.95 சதவீதம், வேலையிழப்புக் காப்பீட்டுக்கு ஒரு தொகை, மத்திய அரசு வரி, மாகாண வரி என்று பிடித்தம் போனபிறகு கைக்கு வருவதை வைத்துத்தான் வாடகையை முடிவு செய்ய வேண்டும். ஓய்வூதியத்துக்குப் போகும் பணம் வீணல்ல. இந்தியாவும் கனடாவும் செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2015 ஆகஸ்டு முதல் நடைமுறையில் இருக்கிறது.

வாடகை விஷயத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சென்னையில் பத்து மாத முன்பணம் கொடுத்துப் பழகியவர்களிடம், ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்டால் அது இயல்பாகவே தோன்றும். ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி, வீட்டுக்காரர் முன்பணமாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகைக்குரிய ஒரு மாதத் தொகை மட்டுமே. சேதத்துக்கென்று தனி முன்பணம் கேட்க முடியாது. வீட்டை நேரில் பார்க்காமல், விமானம் ஏறும் முன்பே பணம் அனுப்பச் சொல்லும் விளம்பரம் எதுவாக இருந்தாலும் அதைப் புறக்கணித்துவிடுங்கள்.

மோசடிகளில் என் மனத்தை மிகவும் வருத்துவது மாணவர்களைக் குறிவைக்கும் காசோலை மோசடி. பகுதிநேர வேலை தருவதாக மின்னஞ்சலிலேயே நேர்காணல் நடக்கிறது. அலுவலகப் பொருட்கள் வாங்க என்று 2,800 டாலருக்கு ஒரு காசோலை வருகிறது. அதைச் செயலியில் படம் எடுத்துப் போட்டால், சிறிது நேரத்தில் கணக்கில் இருப்பு கூடியிருப்பது தெரிகிறது. அதிலிருந்து 2,000 டாலரை 'விற்பனையாளருக்கு' இன்டராக் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற வசதி வழியாக உடனே அனுப்பச் சொல்கிறார்கள். இருப்பில் தெரிவதால் பணம் வந்துவிட்டதாக அந்தப் பிள்ளை நம்புகிறது. காசோலை உண்மையில் தீர்வாகவில்லை, சில நாட்களுக்குப் பின் திரும்பிவிடும், அனுப்பிய 2,000 டாலர் அந்தப் பிள்ளையின் கடனாக நிற்கும். எங்கள் பகுதியில் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, பணத்தை அனுப்பும் முன் என்னிடம் கேட்டான். "அண்ணா, கணக்குல வந்திருச்சே, அப்புறம் என்ன பயம்?" என்பதுதான் அவனுடைய கேள்வி. கிளைக்கு நேரில் போய், காசோலையைத் தந்த வங்கியிலிருந்து பணம் வந்து சேர்ந்துவிட்டதா என்று கேட்கச் சொன்னேன். வரவில்லை. அவன் தப்பித்துக்கொண்டான். வருவாய் முகமையிலிருந்து பேசுவதாகச் சொல்லிக் கைது மிரட்டல் விடுப்பவர்களும், வரியைப் பரிசு அட்டையில் கட்டச் சொல்பவர்களும் இதே வகையினர். எந்த அரசுத் துறையும் பரிசு அட்டையில் வரி வாங்குவதில்லை.

ஸ்கார்பரோவில் வாழும்போது சீட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1983-க்குப் பின் அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள், வங்கிகள் தங்களை ஏறெடுத்தும் பார்க்காத காலத்தில், ஒருவரை ஒருவர் நம்பிச் சீட்டுப் பிடித்து, அந்தப் பணத்தில் கடை வைத்தும் வீட்டுக்கு முதல் தொகை கட்டியும் எழுந்து நின்றவர்கள். அந்த நம்பிக்கையின் மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. ஆனால் நேற்று வந்தவருக்கு அந்த நம்பிக்கை வட்டம் இன்னும் அமையவில்லை. யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று தெரியாது. சீட்டுக்காரர் காணாமல் போனால் சிடிஐசி வராது. எத்தனை மாதம் ஒழுங்காகக் கட்டினாலும் அது கடன் வரலாற்றில் ஏறாது. முதல் ஆண்டில் சீட்டு வேண்டாம். ஊருக்குப் பணம் அனுப்ப, வங்கியைத் தொடாமல் இடைத்தரகர் வழியாகக் கைமாற்றும் உண்டியல் முறையும் எந்த ஆண்டிலும் வேண்டாம். இந்தியாவில் அது ஃபெமாவுக்கு எதிரானது. நாளை அந்தப் பணத்தில் நிலம் வாங்கினால், அது எங்கிருந்து வந்தது என்று காட்ட உங்களிடம் ஒரு தாளும் இருக்காது. முறையான வழியில் அனுப்பும்போது, 'கட்டணம் இல்லை' என்ற விளம்பரத்தைவிட மாற்று விகிதத்தைப் பாருங்கள். சந்தை விகிதத்தைவிட டாலருக்கு ஒன்றரை ரூபாய் குறைவாகத் தரும் நிறுவனம், 1,000 டாலருக்கு 1,500 ரூபாயை எடுத்துக்கொள்கிறது.

வரியைப் பொறுத்தவரை, கனடாவில் வசிப்பவராகிய நாளிலிருந்து உலகில் எங்கு வரும் வருமானத்தையும் இங்கே காட்ட வேண்டும். என்ஆர்இ வைப்புக்கு இந்தியாவில் வரி இல்லை என்பது உண்மை. அதனால் கனடாவிலும் வரி இல்லை என்று நம் மக்களில் பெரும்பாலானவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது தவறு. அந்த வட்டி இங்கே வரிக்குரிய வருமானம். என்ஆர்ஓ வட்டியில் இந்தியாவில் 30 சதவீதமும் அதன் மேல் கூடுதல் வரியும் பிடிப்பார்கள். இரு நாட்டு ஒப்பந்தப்படி வட்டிக்கு உச்ச விகிதம் 15 சதவீதம் என்பதால், கனடாவில் வசிப்பதற்கான வரிச் சான்றிதழைக் கொடுத்து அந்த விகிதத்தைக் கேட்டுப் பெற வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டு, பிடித்த 30 சதவீதத்தையும் கனடாவில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், ஒப்பந்த விகிதத்துக்கு மேல் கனடா வரவு தராது. வெளிநாட்டுச் சொத்துகளின் அடக்கவிலை 1,00,000 கனேடிய டாலரைத் தாண்டினால் டி1135 என்ற படிவத்தையும் தாக்கல் செய்ய வேண்டும்; குடியேறிய முதல் ஆண்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. சொந்தப் பயன்பாட்டுக்கான வீடு இந்தக் கணக்கில் வராது. வாடகைக்கு விட்ட வீடும் மனையும் பங்குகளும் வரும்.

இதில் நமக்குச் சாதகமான ஒரு விதியும் உண்டு. குடியேறிய நாளில் உங்களிடம் இருந்த நிலம், பங்கு, நகை போன்றவற்றை அன்றைய சந்தை விலைக்கே வாங்கியதாகக் கனடா கருதுகிறது. 20 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மனையைப் பின்னாளில் விற்றால், நீங்கள் இங்கு வந்த பிறகு ஏறிய விலைக்கு மட்டுமே இங்கே கணக்கு. அதற்கு அன்றைய மதிப்புக்கான ஆதாரம் வேண்டும். ஆகவே, புறப்படும் மாதத்திலேயே ஒரு பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கி, டீமேட் இருப்பு அறிக்கையையும் சேர்த்து ஒரு கோப்பில் வையுங்கள்.

வருமானமே இல்லாவிட்டாலும் ஏப்ரல் 30-க்குள் வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். குழந்தைகளுக்கான மாத உதவித்தொகை கணவன், மனைவி இருவரும் தாக்கல் செய்வதைப் பொறுத்தே தொடர்கிறது. டிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கைப் பற்றி நண்பர்கள் உற்சாகமாகச் சொல்வார்கள். 2009 முதல் 2025 வரை சேர்ந்த மொத்த வரம்பு 1,02,000 டாலர் என்பது அந்தக் காலம் முழுதும் இங்கே வசித்த பெரியவர்களுக்குரியது. உங்களுக்கு, குடியேறிய ஆண்டிலிருந்துதான் வரம்பு தொடங்கும். 2025-க்கு அது 7,000 டாலர். வரம்பை மீறிப் போட்ட தொகைக்கு மாதம் 1 சதவீத வரி உண்டு. ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கின் வரம்பு முந்தைய ஆண்டு இங்கே ஈட்டிய வருமானத்தில் 18 சதவீதத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், அதைப் பற்றி முதல் ஆண்டில் நீங்கள் கவலைப்படவே வேண்டாம்.

கடைசியாக, குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஒன்று. கணவர் பெயரில் கணக்கு, கணவர் பெயரில் செல்பேசி ஒப்பந்தம், மனைவிக்கு அவருடைய அட்டையின் துணை அட்டை என்று தொடங்கும் வீடுகளே அதிகம். துணை அட்டை வைத்திருப்பவரின் பெயரில் பல சமயம் எந்தக் கடன் வரலாறும் உருவாவதில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் தனியாக ஒரு தொழில் தொடங்க நினைத்தாலோ, கணவருக்கு ஏதேனும் நேர்ந்தாலோ, முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியவராக நிற்கிறார். அப்படி நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அது தேவையே இல்லாத துன்பம். வங்கிக்குப் போகும் முதல் நாளே இருவரும் சேர்ந்து போங்கள். மனைவி பெயரில் ஒரு தனிக் கணக்கு, சிறிய வரம்பில் ஒரு தனிக் கடன் அட்டை, ஒரு செல்பேசி இணைப்பு ஆகியவற்றை அன்றே கேளுங்கள். ஊரில் இருக்கும் என்ஆர்ஓ, என்ஆர்இ கணக்குகளில் அவரை நாமினியாகப் பதிந்திருக்கிறதா என்பதையும், வைப்புத்தொகை ரசீதுகளும் மனைப் பத்திரங்களும் எங்கே இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியுமா என்பதையும் அந்த வாரத்துக்குள் சரிபார்த்துவிடுங்கள்.